எல்லை காந்தியும் என் தம்பியும்

என் ஏழு வயதுத் தம்பி போனில் விளையாடும் விளையாட்டில் சுட்டால் புள்ளி, இன்னும் சுட்டால் இன்னும் புள்ளி. அண்மையில் பக்கத்து வீட்டுப் பையனின் நெற்றியில் கல்லெறிந்து இரத்தம் வரச் செய்துவிட்டு, அவன்தான் முதலில் அடித்தான் என்று நியாயம் சொன்னான். உம்மா போனைப் பறித்து அலுமாரியில் வைத்தார். அன்றிரவு நான் அவனுக்குக் கான் அப்துல் கபார் கானின் கதையைச் சொன்னேன்.

பெஷாவருக்கு அருகே உத்மான்சாய் என்ற கிராமத்தில் 1890 இல் பிறந்த பட்டாணியர் அவர். ஆறடிக்கு மேல் உயரம். அவருடைய மக்களிடம் பழிக்குப் பழி என்பது மானமாகக் கருதப்பட்டது. பாட்டன் காலத்துக் கொலைக்குப் பேரன் பழி வாங்குவான். அவருடைய வாப்பா பஹ்ராம் கானோ பகைவர்களை மன்னித்துப் பெயர் பெற்றவர். மகனுக்கு வழி அங்கேயே திறந்தது என்பது என் எண்ணம்.

இருபது வயதில் ஊரில் பள்ளிக்கூடம் தொடங்கினார். 1928 இல் 'பஃக்தூன்' என்ற பஷ்தூ இதழை நடத்தினார். அது பழி வாங்கும் வழக்கத்தைக் கண்டித்தது. பெண்களும் அதில் எழுதினார்கள். நூறாண்டுக்கு முன் அங்கே ஒரு பெண் தன் எழுத்தை அச்சில் பார்த்திருக்கிறாள் என்பது இந்த மலருக்கு எழுதும் எனக்குப் பெரிய செய்தி.

1929 இல் 'குதாயி கித்மத்கார்' இயக்கம் பிறந்தது. அல்லாஹ்வின் ஊழியர்கள் என்பது பொருள். பழி வாங்குவதில்லை, தன்னைத் துன்புறுத்தியவனை மன்னிப்பேன் என்று சத்தியம் செய்தே அதில் சேர வேண்டும். வெள்ளை உடை சீக்கிரம் அழுக்காவதால் செங்கல் நிறச் சாயம் தோய்த்து அணிந்தார்கள். இந்தப் பொறுமை கடன் வாங்கியதல்ல, நபிகள் நாயகம் (ஸல்) மக்காவில் காட்டிய ஸப்ர் என்றே அவர் நம்பினார்.

1930 ஏப்ரல் 23 அன்று அவரைக் கைது செய்ததும் பெஷாவரின் கிஸ்ஸா குவானி கடைத்தெருவில் மக்கள் திரண்டார்கள். ஆங்கிலேயப் படை சுட்டது. முன்வரிசை விழ, பின்னால் நின்றவர்கள் வெறுங்கையுடன் முன்னே வந்தார்கள். கார்வால் படையின் இந்து வீரர்கள் சுட மறுத்துச் சிறைக்குப் போனார்கள்.

இந்த இடத்தில் தம்பி எழுந்து உட்கார்ந்தான். ஏன் திருப்பி அடிக்கவில்லை என்று கேட்டான். எனக்கு உடனே சொல்ல வரவில்லை. கதவடியில் நின்ற உம்மா, 2006 ஓகஸ்டில் ஷெல்லுக்குப் பயந்து மூதூரே வெறுமையாகி, கந்தளாய்க்கு நடந்த கதையைச் சொன்னார். அந்த ஷெல்லுக்கு யார் முதலில் அடித்தது என்ற கணக்குத் தெரியாது என்றார்.

சுதந்திரத்தின் பின் பாகிஸ்தான் அரசும் அவரைச் சிறையில் அடைத்தது. வாழ்நாளில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு அவருக்குச் சிறையிலும் காவலிலும் கழிந்தது. 1988 ஜனவரி 20 அன்று பெஷாவரில் வபாத்தானார். விரும்பியபடி ஆப்கானிஸ்தானின் ஜலாலாபாத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அங்கே போர் நடந்துகொண்டிருந்தது, ஜனாஸாவுக்காக நிறுத்தினார்கள். ஆனாலும் குண்டு வெடித்து, வந்தவர்களில் சிலர் இறந்தார்கள். அதைத் தம்பிக்கு மறைக்கவில்லை.

மறுநாள் அஸருக்குப் பிறகு நெற்றியில் பிளாஸ்டருடன் பக்கத்து வீட்டுப் பையன் எங்கள் முற்றத்தில் உட்கார்ந்திருந்தான். தம்பி போய்க் கூட்டி வந்தானாம். ராத்தா, கதையை முதலில் இருந்து சொல்லுங்க என்றான்.