இடது பக்கம் முடங்கியது.. மூளை ஓயவில்லை! பக்கவாதத்தை வென்று லூயி பாஸ்டியர் சாதித்தது எப்படி?

நாய் கடிச்சா ஓடிப்போய் போட்டுக்கொள்ளும் ரேபிஸ் தடுப்பூசி, பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் 'பாஸ்சுரைஸ்' முறை... இரண்டுக்கும் பின்னால் இருப்பவர் ஒருவரே. பிரான்ஸ் விஞ்ஞானி லூயி பாஸ்டியர். ஆனா பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கு. ரேபிஸ் தடுப்பூசியை உருவாக்கியபோது அவருக்கு இடது கை சரியாக வேலை செய்யாது. இடது காலை இழுத்துத்தான் நடப்பார்.

1868 அக்டோபர் 19-ல் என்ன நடந்தது?

அப்போது பாஸ்டியருக்கு வயது 45. காலையிலேயே உடம்பின் இடது பக்கம் சுருக் சுருக்கென ஏதோ செய்தது. அதைப் பொருட்படுத்தாமல், பாரிஸ் அறிவியல் அகாடமி கூட்டத்துக்குப் போய்க் கட்டுரை வாசித்துவிட்டுத் திரும்பினார். அன்று இரவே பக்கவாதம் தாக்கியது. பேச்சு வருவதும் போவதுமாக இருந்தது. இடது பக்கம் முழுசா செயலிழந்தது. அன்றைய வைத்தியம் என்ன தெரியுமா? காதுக்குப் பின்னால் அட்டைகளை விட்டு ரத்தம் எடுப்பது!

நிறுத்தப்பட்ட கட்டுமானம்

அவருக்காக அப்போது புதிய ஆய்வகம் கட்டிக்கொண்டிருந்தார்கள். இனி அவர் பிழைக்க மாட்டார் என்ற நினைப்பில் அந்த வேலையையே நிறுத்திவிட்டார்கள். இது படுக்கையில் இருந்த பாஸ்டியருக்கும் தெரிந்துவிட, மனுஷன் நொந்துபோனார். விஷயம் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் காதுக்குப் போன பிறகுதான் வேலை மீண்டும் தொடங்கியது.

ஆனா பாஸ்டியர் அதுவரை சும்மா இருக்கவில்லை. பக்கவாதம் வந்த ஒரே வாரத்தில், பட்டுப்புழு நோய் பற்றிய ஆய்வுக் குறிப்பைப் படுத்தபடியே வாயால் சொல்லி எழுத வைத்தார். மூன்றே மாதத்தில், அந்த ஆய்வைத் தொடரத் தெற்கு பிரான்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

மூளை எப்படி மீள்கிறது?

இடது பக்கம் முடங்கினால் பாதிப்பு மூளையின் வலது பக்கம் என்று அர்த்தம். பெரும்பாலானோருக்குப் பேச்சைக் கட்டுப்படுத்துவது மூளையின் இடது பக்கம். அந்த வகையில் பாஸ்டியருக்குப் பெரிய இழப்பு இல்லை. ஆனா வலது பக்கம் பாதித்தாலும் கவனம், நினைவு, திட்டமிடல் எல்லாம் தடுமாறலாம்.

இறந்துபோன மூளை செல்கள் திரும்ப வராது. மீதமுள்ள செல்கள் புதிய இணைப்புகளை உருவாக்கி, இழந்த வேலைகளில் சிலவற்றை ஏற்றுக்கொள்ளும். முதல் சில மாதங்களில் இது வேகமாக நடக்கும். பிறகும் மெதுவாகத் தொடரும்.

முடியாததுக்கு மாற்றுவழி தேடுவதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான். பாஸ்டியர் அதைத்தான் செய்தார். அவர் சொல்லச் சொல்ல மனைவி மரி எழுதினார். கைவேலை தேவைப்படும் சோதனைகளை ரூ, சாம்பர்லான் போன்ற உதவியாளர்கள் செய்தார்கள். யோசனை மட்டும் பாஸ்டியருடையது.

பெரிய சாதனைகள் பல பிறகுதான்!

1881-ல் ஆடு, மாடுகளுக்கான ஆந்த்ராக்ஸ் தடுப்பூசியை மக்கள் முன்னிலையில் சோதித்துக் காட்டினார். 1885 ஜூலை 6-ல், வெறிநாய் கடித்த 9 வயது சிறுவன் ஜோசப் மைஸ்டருக்கு ரேபிஸ் தடுப்பூசி போடப்பட்டது. பாஸ்டியர் மருத்துவர் இல்லை என்பதால் ஊசி போட்டவர் டாக்டர் கிராஞ்சே. சிறுவன் பிழைத்தான்.

1887-ல் மீண்டும் பக்கவாதம். இந்த முறை பேச்சும் பாதித்தது. 1888-ல் பாரிஸில் பாஸ்டியர் இன்ஸ்டிடியூட் திறக்கப்பட்டபோது அவரது உரையை மகன்தான் வாசித்தார். 1895-ல், 72 வயதில் பாஸ்டியர் மறைந்தார். நம்ம குன்னூரில் 1907 முதல் இயங்கும் பாஸ்டியர் இன்ஸ்டிடியூட்டும் அவர் பெயரைத் தாங்கியதுதான்.

நாம் கவனிக்க வேண்டியது என்ன?

அன்று காலை பாஸ்டியர் அலட்சியப்படுத்திய மாதிரி நாம் செய்யக் கூடாது. திடீரென வாய் கோணுதல், கை கால் மரத்துப்போதல், பேச்சு குழறுதல் இருந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

பக்கவாதம் வந்து மீண்டவர் வீட்டில் பெயர்களை மறக்கிறாரா, கணக்கில் தடுமாறுகிறாரா? அவ்ளோதான் என்று முடிவு கட்டிவிடாமல் மருத்துவரிடம் சொல்லிப் பயிற்சியைத் தொடங்குங்கள். எல்லோரும் பாஸ்டியர் அளவுக்கு மீள்வார்கள் என்று சொல்ல முடியாது. ஆனா எவ்வளவு மீள்வார் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடாது.