கொடுமுடி கோகிலம்

திறமைக்கு ஏழை வீடு, செல்வர் வீடு என்ற வேறுபாடு இல்லை. ஆனால் ஏழை வீட்டில் பிறந்த திறமை வெளியே தெரிவதற்குள் எத்தனையோ கதவுகளைத் தட்ட வேண்டியிருக்கிறது. அவ்வாறு தட்டித் திறந்தவர்களுள் ஒருவர், கொடுமுடி கோகிலம் என்று தமிழகம் போற்றிய கே. பி. சுந்தராம்பாள் அம்மையார் ஆவார்.

ஈரோட்டுக்கு அருகே, காவிரிக் கரையில் உள்ள கொடுமுடியில் 1908ஆம் ஆண்டு அவர் பிறந்தார். அவர் பெயரின் முன்னெழுத்துகளில் ஒன்று ஊரையும், மற்றொன்று தாயார் பாலாம்பாளையும் குறிக்கும். வீட்டில் கடும் வறுமை. புத்தகப் பையைச் சுமக்க வேண்டிய வயதில் அச்சிறுமி ரயில் பெட்டிகளில் பாடி, பயணிகள் கொடுத்த காசைத் தாயிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒரு நாள் அக்குரல், ரயில்வே அதிகாரியும் நாடகக் கலைஞருமான எஃப். ஜி. நடேச ஐயரின் செவியில் விழுந்தது. அதுவே நாடக மேடைக்கு வழி திறந்தது. வேலு நாயர் குழுவில் சேர்ந்து, நல்லதங்காள் நாடகத்தில் பசியால் துடிக்கும் பிள்ளையாக வேடமிட்டார். பசி என்றால் என்னவென்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியதில்லை!

அது ஒலிபெருக்கி இல்லாத காலம். இரவு முழுவதும் நாடகம் நடக்கும். மண் தரையில் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் பாட்டு கேட்க வேண்டும். ஆகவே உச்ச ஸ்தாயியில், ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விளங்கும்படி பாட அவர் பழகினார். பெண்கள் மேடை ஏறுவதே அரிதாக இருந்த அந்நாளில், ஆண் வேடங்களையும் ஏற்று நடித்துப் புகழ் பெற்றார்.

நம் மாவட்டத்துக்கும் அக்கால நாடகக் கலைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1914 முதல் 1964 டிசம்பர்ப் புயல் வரை, தனுஷ்கோடி வரை ரயிலிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலிலும் சென்று கொழும்பை அடையலாம். நாடகக் குழுவினர் பலர் கடல் கடந்து இலங்கைக்குச் சென்று நடித்து வந்தனர். 1920களின் நடுப்பகுதியில் கொழும்பு மேடையில்தான் சுந்தராம்பாள், செங்கோட்டை தந்த இசை மேதை எஸ். ஜி. கிட்டப்பாவைச் சந்தித்தார். இருவரும் போட்டி போட்டுப் பாடினால் கூட்டம் அசையாது என்பார்கள். 1927இல் இருவரும் மணம் புரிந்துகொண்டனர். அவ்வாழ்வில் இன்பத்தோடு பிரிவும் மன வருத்தமும் கலந்தே இருந்தன.

1933 டிசம்பரில் கிட்டப்பா காலமானார். அப்போது அவருக்கு வயது 27, சுந்தராம்பாளுக்கு 25. அன்று முதல் வெள்ளைச் சேலை உடுத்தினார், நகைகளைத் துறந்தார், இனி எந்த ஆண் நடிகருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டு, மேடையை விட்டும் ஒதுங்கினார். அவரது கலை வாழ்வு அத்தோடு முடிந்தது என்றே பலரும் எண்ணியிருப்பர்.

ஆனால் முடியவில்லை. தம் உறுதியை விட்டுக்கொடுக்காமலே அவர் திரும்பி வந்தார். 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார். அதற்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார் என்பது அந்நாளில் நாடே வியந்த செய்தி. படம் எதிர்பார்த்த வெற்றியைத் தரவில்லை. எனினும் அவர் தளரவில்லை. 1940இல் மணிமேகலையாகவும், 1953இல் ஜெமினி நிறுவனத்தின் படத்தில் ஔவையாராகவும், 1964இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகளாகவும் தோன்றினார். துறவியரும் அடியவரும் புலவருமே அவருடைய பாத்திரங்கள். ரயிலில் பாடிய சிறுமி, தன் கலையைத் தன் விருப்பப்படி நடத்தும் நிலைக்கு உயர்ந்துவிட்டாள்!

நாட்டு விடுதலைக்கும் அக்குரல் பயன்பட்டது. சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் காங்கிரஸ் மேடைகளில் அவர் பாடினார். அவரது தேசபக்திப் பாடல்கள் இசைத்தட்டுகளாகவும் பரவின. 1950களில் சென்னை சட்ட மேலவையில் உறுப்பினரானார். 1969இல் 'துணைவன்' படப் பாடலுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதும், 1970இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். 1980இல் அக்குயில் பறந்து சென்றது.

எங்கள் அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கியில் சுந்தராம்பாள் பாட்டு வந்தால், கையிலிருக்கும் ஓலைப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார். எங்கள் அப்பத்தாவும் இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். அவர் ஏன் பேசாமல் கேட்கிறார் என்பது, இந்த வரலாற்றைப் படித்த பிறகே எனக்கு விளங்கியது.

அன்புத் தோழியரே! பனங்காட்டிலும் உப்பளத்திலும் உழைப்போர் வீட்டுப் பிள்ளைகள் நம்மில் பலர் இருக்கிறோம். பாட்டோ, படிப்போ, தையலோ, இறைவன் ஒவ்வொருவருக்கும் ஒன்றைத் தந்திருக்கிறார். வறுமை வந்தது, துயரம் வந்தது என்று அதைப் புதைத்துவிடலாகாது. நாளை நாம் எந்த நிலைக்குப் போனாலும், நம் கொள்கையை விட்டுக்கொடுக்காமலே அதை வளர்க்கவும் முடியும். கொடுமுடி கோகிலத்தின் வாழ்வு நமக்குச் சொல்லும் பாடம் இதுவே.

— பத்தாம் வகுப்பு மாணவி, சாயல்குடி