கரகரப்பைப் பாட்டாக்கியவர்

ரேடியோ கரகரன்னு இரைஞ்சா நாம என்ன செய்வோம்? தலையில ரெண்டு தட்டு தட்டுவோம். ஆனால் அந்தக் கரகரப்பையே காசு கொடுத்து வாங்கி, காலால் மிதித்து, உலகத்தையே கேட்க வைத்த ஒருவர் இருந்தார் நண்பர்களே! அவர்தான் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ்.

1942 நவம்பர் 27-ல் அமெரிக்காவில் உள்ள சியாட்டில் நகரத்தில் பிறந்தார். வீட்டில் வறுமை. அப்பா அம்மா பிரிந்துவிட்டார்கள். துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு கிடார் வாசிப்பது போலத் திரிந்த பையன். அப்பாவோடு ஒரு பாட்டியம்மா வீட்டைச் சுத்தம் செய்யப் போனபோது குப்பையில் ஒரு உகுலேலே கிடைத்தது. அதில் இருந்தது ஒரே ஒரு தந்தி! அதிலேயே, கேட்ட பாட்டையெல்லாம் வாசித்துப் பழகினார். 1958-ல் அம்மா இறந்தார். அந்த வருஷம்தான் 5 டாலரில் முதல் கிடார் வந்தது. இடது கைக்காரர் என்பதால், வலது கைக்காரர்களுக்கான கிடாரைத் தலைகீழாகப் பிடித்து, தந்திகளை மாற்றிக் கட்டி வாசித்தார்.

1961-ல் ராணுவத்தில் சேர்ந்து பாராசூட்டில் குதிக்கப் பயிற்சி பெற்றார். மறு வருஷமே வெளியே வந்துவிட்டார். பிறகு நாலு வருஷம் மற்றவர்கள் பாட, இவர் பின்னால் நின்று வாசித்தார். 1966 செப்டம்பரில் லண்டன் போனார். இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது.

அந்த வருஷம் லண்டனில் ஆர்பிட்டர் என்ற கம்பெனி 'ஃபஸ் ஃபேஸ்' என்று ஒரு வட்டமான உலோகப் பெட்டியை விற்க ஆரம்பித்திருந்தது. உள்ளே 2 டிரான்சிஸ்டர், 4 ரெசிஸ்டர், 3 கெப்பாசிட்டர், திருகுவதற்கு 2 குமிழ், ஒரு 9 வோல்ட் பேட்டரி. அவ்வளவுதான்! கிடாரிலிருந்து வரும் அலையை அளவுக்கு மீறிப் பெருக்கும்போது அலையின் மேடும் பள்ளமும் வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். அந்த வெட்டில்தான் புதுப்புது மேற்சுரங்கள் பிறக்கின்றன. நம்ம காதுக்கு அது கரகரப்பு.

அதில் ஒரு சிக்கல். முதலில் போட்டது ஜெர்மானியம் டிரான்சிஸ்டர். சூடு ஏறினால் அதில் கசிவு மின்னோட்டமும் ஏறும், சத்தம் மாறிவிடும். ஒரு பெட்டி மாதிரி இன்னொரு பெட்டி இருக்காது. ஹெண்ட்ரிக்ஸுக்கு இதில் கை கொடுத்தவர் ரோஜர் மேயர், இங்கிலாந்துக் கடற்படை ஆய்வில் வேலை பார்த்த எலக்ட்ரானிக்ஸ்காரர். பெட்டிகளைப் பிரித்து, உள்ளே இருப்பதை மாற்றி மாற்றிச் சரி செய்து கொடுத்தார். அவரே செய்த 'ஆக்டேவியா' என்ற பெட்டியில் அலையின் கீழ்ப்பாதி மேலே திருப்பப்படும். நாம படிக்கிற முழு அலைத் திருத்திதான்! அதிர்வெண் இரண்டு மடங்காவதால் சுரம் ஒரு ஸ்தாயி மேலே போகும். 1967-ல் வந்த 'பர்ப்பிள் ஹேஸ்' பாட்டில் அதைக் கேட்கலாம்.

நானும் நண்பனும் இந்த ஃபஸ் ஃபேஸைக் கட்டிப் பார்த்தோம். ஜெர்மானியம் கடையில் கிடைக்காது, அதனால் சிலிக்கானில் பிசி 547. எல்லாம் வரைபடத்தில் உள்ள மதிப்புதான், சால்டரும் பளபளன்னு இருக்கு. ஆனாலும் சத்தம் புர்ருன்னு வந்து சட்டுன்னு செத்துப்போகும். மல்டிமீட்டரை வைத்தோம். இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் 4.5 வோல்ட், அதாவது பேட்டரியில் பாதி இருந்தால்தான் அலை மேலும் கீழும் ஏறி இறங்க இடம் இருக்கும். அங்கே இருந்ததோ சுமார் 2.4! வரைபடத்தின் 8.2 கிலோ ஓம் ஜெர்மானியத்துக்குப் பார்த்துப் போட்டது. சிலிக்கானில் பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் அதிகம். அதனால் மின்னோட்டமும் அதிகம், அந்த ரெசிஸ்டரிலேயே வோல்ட் தீர்ந்துபோகிறது. அதை எடுத்துவிட்டு 10 கிலோ ஓம் பிரீசெட் வைத்துத் திருகினோம். சுமார் 5.5-க்கு வந்ததும் 4.5 வோல்ட். அப்புறம் பாருங்க, ஒரு தந்தியைத் தட்டினா யானை பிளிறுது!

ஹெண்ட்ரிக்ஸ் இந்தச் சத்தத்தை வெறும் அதிரடிக்கு வைத்திருக்கவில்லை என்பது என் கருத்து. 1969 ஆகஸ்ட் 18 காலை, உட்ஸ்டாக் விழா மேடையில் அமெரிக்க தேசிய கீதத்தைக் கிடாரில் வாசித்தார். பாதியில் குண்டு விழுவது போலவும், ஓலம் போலவும் கிடார் அலறியது. வியட்நாமில் போர் நடந்துகொண்டிருந்த நேரம். அவர் முன்பு இருந்த 101-ஆம் படைப்பிரிவும் அங்கேதான் இருந்தது. வெளியே வராமல் இருந்திருந்தால் அவரும் அங்கே போயிருக்கலாம். இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் அந்தக் கரகரப்பு வேறு மாதிரி கேட்கிறது.

1970 ஆகஸ்ட் கடைசியில் ஐல் ஆஃப் வைட் தீவு நிகழ்ச்சியில் காவலர்களின் வாக்கி-டாக்கிப் பேச்சு அவர் ஸ்பீக்கரிலேயே கேட்டது. பெருக்கும் சக்தி அதிகமானால் காற்றில் வருவதையெல்லாம் பிடிக்கும். (எங்க பெட்டியிலும் எஃப்.எம். பாட்டு லேசாகக் கேட்டது. உலோக டப்பாவில் போட்டு டப்பாவை எர்த் பண்ணியதும் போச்சு.) மூன்று வாரம்கூட ஆகவில்லை, செப்டம்பர் 18-ல் லண்டனில் தூக்க மாத்திரை அதிகமாகி இறந்துபோனார். வயசு 27. கிடாரைத் தொட்டு 12 வருஷம்தான் ஆகியிருந்தது.

பெட்டி இயற்பியல் ஆய்வகத்தில் மூன்றாவது மேசையில் இருக்கு. மதிய இடைவேளையில் வாசித்துப் பார்க்கலாம். 9 வோல்ட் பேட்டரி மட்டும் நீங்களே கொண்டு வாங்க!

– மேல்நிலை இரண்டாம் ஆண்டு, அறிவியல் பிரிவு