நாய்க்குட்டிகள் காட்டிய வழி!

கீரனூர், குளத்தூர் பக்கத்தில் நாய் வளர்க்கும் வீடுகள் பல. நாய்க்கு என்ன சாப்பாடு? மிஞ்சிய சோறு, கொஞ்சம் ரசம், நீர் மோர். நாயும் வாலை ஆட்டிக்கொண்டு தின்கிறது. வயிறு நிறைகிறது.

வயிறு நிறைந்தால் போதுமா?

போதாது! இதை நாய்க்குட்டிகளை வைத்தே உலகத்துக்குக் காட்டியவர் ஒருவர். அவர் பெயர் எட்வர்ட் மெல்லன்பி. இங்கிலாந்து நாட்டு டாக்டர். கடைசிக் காலத்தில் இந்தியாவுக்கும் வந்து பணி செய்தவர்.

வில்லாக வளைந்த கால்கள்

மெல்லன்பி 1884-ம் ஆண்டு ஏப்ரல் 8-ந் தேதி பிறந்தார். ஊர், இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரையில் உள்ள மேற்கு ஹார்ட்டில்பூல். தகப்பனார் கப்பல் கட்டும் தளத்தில் அதிகாரி. மகன் கேம்பிரிட்ஜில் படித்தார். உணவு ஆராய்ச்சியில் புகழ் பெற்ற ஹாப்கின்ஸ் அவருடைய ஆசிரியர். பிறகு லண்டனில் வைத்தியம் படித்துத் தேறினார்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் ஒரு கொடிய நோய் பரவி இருந்தது. அதன் பெயர் ரிக்கெட்ஸ். குழந்தைகளின் எலும்பு கெட்டிப்படாது. நடக்கத் தொடங்கியதும் கால்கள் வில்லாக வளைந்துவிடும். பெண் குழந்தைக்கு இடுப்பு எலும்பு குறுகிப் போகும். அவள் வளர்ந்து தாயாகும்போது பிரசவமே ஆபத்தாகிவிடும்.

இதற்குக் காரணம் என்ன? இருட்டு வீடு என்றார்கள் சிலர். ஓடி ஆடாதது என்றார்கள் வேறு சிலர். யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்கும் வேலை மெல்லன்பியிடம் ஒப்படைக்கப்பட்டது.

1914-ல் அவருக்குக் கல்யாணம் நடந்தது. மனைவி மே அம்மையாரும் ஆராய்ச்சியாளர்தான். உணவுக்கும் பல்லுக்கும் உள்ள உறவை அவர் ஆராய்ந்தார்.

எண்ணெய் மாறியது!

மெல்லன்பி நாய்க்குட்டிகளைக் கட்டிடத்துக்குள்ளேயே வைத்து வளர்த்தார். ரொட்டி, ஆடை எடுத்த பால், ஆளி விதை எண்ணெய் இவைதான் முக்கிய உணவு. குட்டிகள் வயிறாரத் தின்றன. எடையும் கூடியது. ஆனால் கால்கள் வளைந்தன. நடக்கத் தடுமாறின. குழந்தைகளுக்கு வந்த அதே நோய்!

வேறு குட்டிகளுக்கு ஆளி விதை எண்ணெய்க்குப் பதிலாகக் காட் என்ற கடல் மீனின் ஈரல் எண்ணெயைக் கொடுத்தார். சிலவற்றுக்கு வெண்ணெய் கொடுத்தார். என்ன ஆச்சரியம்! அவற்றின் எலும்புகள் உறுதியாக வளர்ந்தன.

எல்லாக் கொழுப்பும் ஒன்றல்ல. சில கொழுப்பில் மட்டும் எலும்பைக் காக்கும் பொருள் கரைந்து இருக்கிறது. 1919-ல் மெல்லன்பி வெளியிட்ட உண்மை இதுதான்.

அந்தப் பொருள் 'ஏ' வைட்டமினாக இருக்கலாம் என்று அவர் நினைத்தார். அது வேறு என்று 1922-ல் அமெரிக்காவின் மெக்காலம் காட்டினார். அதுவே 'டி' வைட்டமின்.

வெண்மையில் இருந்த விஷம்

1933 முதல் 1949 வரை பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் செயலாளராக மெல்லன்பி இருந்தார். பெரிய பதவி. ஆனாலும் ஆராய்ச்சியை விடவில்லை.

அப்போது மாவு வெள்ளை வெளேர் என்று இருக்க 'ஏஜீன்' என்ற வாயுவைச் செலுத்துவது வழக்கம். அந்த மாவைத் தின்ற நாய்கள் வெறி பிடித்தாற்போல் ஓடின. வலிப்பு கண்டு விழுந்தன. வாயு கலந்த மாவுதான் காரணம் என்று 1946-ல் மெல்லன்பி நிரூபித்தார். பிறகு அந்த வழக்கம் கைவிடப்பட்டது.

ஓய்வு பெற்ற பின் இந்தியா வந்தார். லக்னோவில் புதிதாக அமைந்த மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநர் அவர்தான். 1951 பிப்ரவரி 17-ந் தேதி பிரதமர் நேரு அதைத் திறந்து வைத்தார். 1955 ஜனவரி 30-ந் தேதி மெல்லன்பி காலமானார்.

நம் வீட்டு நாய்க்கு என்ன?

மனிதனின் தோலில் வெயில் பட்டால் 'டி' வைட்டமின் உண்டாகிறது. நாய்க்கும் பூனைக்கும் அப்படிப் போதிய அளவு உண்டாவது இல்லை. பின்னால் வந்த ஆராய்ச்சி இதைக் காட்டியது. வெயிலில் படுத்துக் கிடந்தாலும், அவற்றுக்கு அது உணவில்தான் கிடைக்க வேண்டும். மீன், ஈரல், முட்டை மஞ்சள் கரு ஆகியவற்றில் அது இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. சில கொழுப்பு அமிலங்களை உடம்பு தானே செய்துகொள்ள முடியாது. 1929-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் பர், அவர் மனைவி மில்ட்ரெட் இருவரும் எலிகளை வைத்து இதைக் கண்டார்கள். அவற்றில் ஒன்று லினோலிக் அமிலம். அது குறைந்தால் நாயின் தோல் செதில் செதிலாக உரியும். முடி பளபளப்பை இழக்கும். புதுக்கோட்டைச் சீமையில் விளையும் கடலையின் எண்ணெயிலும், நல்லெண்ணெயிலும் அது நிறைய உண்டு. தேங்காய் எண்ணெயில் மிகக் குறைவு.

பூனைக்கு அது மட்டும் போதாது. அதற்கு வேண்டிய அரக்கிடோனிக் அமிலம் மாமிசம், மீன், முட்டை போன்றவற்றில்தான் இருக்கிறது. பால் சோறு மட்டுமே தின்று பூனை நன்றாக வாழ முடியாது!

அதற்காக எண்ணெயை அள்ளி ஊற்றக் கூடாது. வறுத்த சட்டியில் மிஞ்சிய கொழுப்பு நாயின் கணையத்தைப் புண்ணாக்கும். மீன் ஈரல் எண்ணெயும் அளவு மீறினால் கெடுதல். கால்நடை டாக்டரைக் கேட்டுக் கொடுப்பதே நல்லது.

மெல்லன்பியின் கூடத்தில் நாய்க்குட்டிகள் பட்ட வேதனை கொஞ்சம் அல்ல. அந்த வேதனையால்தான் எத்தனையோ குழந்தைகள் நேரான காலோடு நடக்கிறார்கள். அந்தக் கடனை வாசலில் காத்திருக்கும் நாயின் தட்டில்தான் நாம் தீர்க்க வேண்டும். வெறும் சோற்றோடு ஒரு முட்டையும் சேரட்டும்!