முதலில் தம் வீட்டில் கைவைத்த கலீபா

செல்வந்தர் வரி கூடுதலாகக் கொடுக்க வேண்டுமா என்றால் வியாபாரிகளான நமக்கு முகம் சுருங்குகிறது.

ஹஜ்ரத் உமர் இப்னு அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்களும் செல்வத்தில் வளர்ந்தவர்கள்தாம். நல்ல ஆடையும் அத்தரும் அவர்களுக்குப் பிரியம். ஹிஜ்ரி 99-ல் (கி.பி. 717) கலீபாவானதும் தம் சொத்தில்தான் முதலில் கைவைத்தார்கள். உமையாக் குடும்பத்தார் செல்வாக்கால் சேர்த்த நிலங்களைத் திருப்பச் சொன்னார்கள். முன்னாள் கலீபாவின் மகளான தம் மனைவி பாத்திமாவின் நகைகளும் பைத்துல்மாலுக்குப் போயின. உறவினர் கொதித்தார்கள், அவர்கள் அசையவில்லை.

அதன் பிறகே, இஸ்லாத்தில் சேர்ந்த எளியவர்களிடமும் வாங்கிவந்த ஜிஸ்யாவை நிறுத்தினார்கள். வசூல் குறைகிறதென்று எகிப்து கவர்னர் எழுதியும் பலனில்லை. சரக்குகளின் மீதிருந்த சுங்கமும் நீங்கியது. (நமக்கு இது இனிக்கும், ஆனால் 40-க்கு 1 வீத ஜகாத்தில் காசும் குறைக்கவில்லை!)

ஹிஜ்ரி 101-ல், நாற்பது வயதையொட்டி வபாத்தானார்கள். பிள்ளைகளுக்கு விட்டுச்சென்றது சொற்பமே.