குளிர்கால வானொலியும் கர்ட் ஃபிளட்டும்

கடந்த டிசம்பரில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். பேஸ்பால் மைதானங்கள் பூட்டிக் கிடக்கும் அம்மாதங்களில்தான் வானொலியில் அவ்விளையாட்டைப் பற்றிய பேச்சு சூடுபிடிக்கிறது. எந்த வீரர் எந்த அணிக்குப் போவார், எத்தனை கோடி டாலர் கேட்பார் என்று நேயர்கள் தொலைபேசியில் அழைத்து வாதாடுகிறார்கள். முன்னாளில் குளிருக்கு அடுப்பைச் சுற்றி அமர்ந்து கதை பேசிய வழக்கத்தின் நினைவாக இதற்குச் 'சூடான அடுப்பு லீக்' என்று பெயர். மகளின் காரில் அதைக் கேட்கும்போதெல்லாம் கர்ட் ஃபிளட்டையே நினைத்துக்கொண்டேன்.

1938-இல் ஹூஸ்டனில் பிறந்து ஓக்லாந்தில் வளர்ந்த கறுப்பினத்தவர் அவர். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்கு 12 ஆண்டுகள் ஆடினார். தடுப்பாட்டத்துக்கான தங்கக் கையுறை விருதை 7 முறை பெற்றார். 1969 அக்டோபரில் அவரை ஃபிலடெல்ஃபியா அணிக்கு மாற்றிவிட்டார்கள். தொலைபேசி வாயிலாகத்தான் அவருக்கே அது தெரியவந்தது. நேயர்களுக்குச் சுவையான குளிர்காலச் செய்தி. அவருக்கோ வீடும் ஊரும் வாழ்வும்.

வீரரின் ஒப்பந்தத்தை அணி உரிமையாளர் தம் விருப்பப்படி ஆண்டுதோறும் நீட்டித்துக்கொள்ளலாம் என்ற விதி அன்று இருந்தது. உழைப்பை வாங்குபவர் ஒருவரே என்றால் கூலி என்னவாகும் என்பதைப் பொருளியல் மாணவர் எவரும் அறிவர். கிறிஸ்துமஸுக்கு முதல்நாள், தாம் விற்று வாங்கும் உடைமையல்லர் என்று ஆணையர் போவி குனுக்கு ஃபிளட் கடிதம் எழுதினார்; அடுத்த மாதம் வழக்கும் தொடுத்தார். வீரர் சங்கத்தை நடத்திய மார்வின் மில்லர், தொழிற்சங்கப் பொருளியலில் தேர்ந்தவர். வெல்வது அரிது, வென்றாலும் ஃபிளட்டுக்குப் பயனில்லை என்று முன்பே எச்சரித்திருந்தார்.

1970-ஆம் ஆண்டு முழுவதும் ஆடாமல், ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர் ஊதியத்தை இழந்தார் ஃபிளட். விசாரணையில் ஜாக்கி ராபின்சன் வந்து சாட்சியம் அளித்தார். ஆனால், அப்போது ஆடிக்கொண்டிருந்த வீரர்களில் ஒருவர்கூட நீதிமன்றத்துக்கு வரவில்லை. 1972-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 3 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. விதிவிலக்கு முரணானதுதான், அதை நாடாளுமன்றமே திருத்தட்டும் என்று நீதிபதிகள் ஒதுங்கிக்கொண்டது எனக்கு இன்றும் வியப்பே.

அதற்குள் ஃபிளட் வாஷிங்டன் அணியில் 13 ஆட்டங்கள் மட்டும் ஆடிவிட்டு ஸ்பெயினின் மயோர்கா தீவுக்குப் போய்விட்டிருந்தார். அங்கே மதுக்கடை நடத்தினார். குடியும் அவரைப் பற்றிக்கொண்டது. 1975 டிசம்பரில் வேறு இரு வீரர்களின் வழக்கில் நடுவர் அளித்த முடிவு அந்த விதியை உடைத்தபோது அவர் ஆட்டத்தை விட்டு நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

வகுப்பில் நான் சைமன் ராட்டன்பெர்க்கின் 1956-ஆம் ஆண்டுக் கட்டுரையைப் பலமுறை நடத்தியிருக்கிறேன். வீரர்களுக்கு உரிமை தந்தாலும் அவர்கள் சேரும் அணி பெரிதும் மாறாது, பணம் யார் கைக்குப் போகிறது என்பதே மாறும் என்பது அதன் சாரம். கரும்பலகையில் அது அழகாகத்தான் இருந்தது. அந்தப் பணம் கைமாறுவதற்காகத் தன் ஆட்ட வாழ்வையே இழந்த ஒருவரைப் பற்றி நான் மாணவர்களிடம் ஒருநாளும் சொல்லவில்லை.

1978-இல் ஓக்லாந்து அணியின் ஆட்டங்களுக்கு ஃபிளட் வர்ணனையாளராக இருந்தார். பின்னாளில் தொண்டைப் புற்றுநோய் கண்டு, 1997 ஜனவரி 20 அன்று, தம் 59-ஆவது வயதில் காலமானார். மறு ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. அவர் இறந்ததும் ஒரு குளிர்காலத்தில்தான். வானொலியில் வீரர்களின் விலை பேசப்படும் மாதத்தில்.