ரைபைசன் என்னும் பெரியார்

ஐக்கிய நாணய சங்கம் என்னும் பெயருடன் நம் கிராமங்களில் முதலில் தோன்றிய கூட்டுறவுக் கடன் சங்கங்களை அறியாதார் சிலரே. அம்முறையை வகுத்தவரது வரலாற்றை அறிந்தாரும் சிலரே.

பிரீட்ரிக் வில்ஹெல்ம் ரைபைசன் 1818-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 30-ந் தேதி ஜெர்மனி தேசத்தில், ஸீக் நதிக்கரையிலுள்ள ஹாம் என்னும் சிற்றூரிற் பிறந்தார். இளமையிற் பட்டாளத்தில் அமர்ந்தவர், கண்ணோயால் அதனை விட நேர்ந்து, 1845-இல் வையர்புஷ் முதலிய கிராமங்களுக்குத் தலைமை அதிகாரியானார்.

அடுத்த ஆண்டே விளைவு பொய்த்துப் பஞ்சம் வந்தது. சர்க்கார் அனுப்பிய மாவை ரொக்கத்துக்கன்றிக் கொடுக்கலாகாதென்பது உத்தரவு. கையில் ரொக்கமிருந்தால் ஏழை ஏன் பட்டினி கிடப்பான்? ரைபைசன் துணிந்து கடனாகவே கொடுத்தார். ஊருக்கொரு பொது அடுப்பில் ரொட்டி சுடுவது அந்நாட்டார் பழவழக்கம். அவ்வழக்கத்தையே பற்றிச் செல்வரிடம் பொருள் திரட்டி, அடுப்புக் கட்டுவித்து, ரொட்டியை மலிவாக வழங்கச் செய்தார்.

பின்னர் 1849-இல் பிளாமர்ஸ்பெல்டு என்னும் ஊரில், மாட்டுக் கடன் கொடுத்து வட்டியால் உறிஞ்சுவோரிடமிருந்து குடியானவரை மீட்க ஒரு சங்கம் கண்டார். செல்வர் பிணை நிற்க, ஏழைகள் மாடு வாங்கித் தவணையிற் பணம் செலுத்தினர். 1854-இல் ஹெடஸ்டார்பில் மற்றொரு தரும சங்கம் எழுந்தது. இவையெல்லாம் உள்ளவர் இல்லாதவர்க்கு இரங்கிச் செய்தவை. நாளடைவில் செல்வரது ஊக்கம் குன்றியது. இரக்கத்தை நம்பிய ஏற்பாடு நிலையாதென்று கண்ட ரைபைசனுக்கு இதனை ஒப்புக்கொள்வது எளிதாயிருக்கவில்லை. தரும சிந்தையே அவர் உயிர்நிலை. ஆயினும் 1864-இல் அச்சங்கத்தைக் கலைத்துக் கடன் சங்கமாக அமைத்தார். கடன் பெறுவோர் தாமே அங்கத்தினராதல் வேண்டும். ஒருவர் கடனுக்கு எல்லாரும் வரையறையின்றிப் பொறுப்பாளி. சங்கத்தின் எல்லையோ, ஒருவரை ஒருவர் முகமறிந்த ஓர் ஊரளவே. எவன் உழைப்பாளி, எவன் குடியன் என்பதை ஊரார் அறிவதுபோல் எந்தப் பட்டணத்துப் பாங்கி அறியும்? நிர்வாகிகளுக்குச் சம்பளமில்லை, கணக்கருக்கு மட்டுமே உண்டு. மகமை கொடுத்துப் பழகிய நம்மவர்க்கு ஊர்ப்பொது நிதி புதிதன்று; பிறர் கடனுக்குத் தன் நிலத்தையும் ஈடாக நிறுத்துவதே புதிது.

மனைவியை 1863-இல் இழந்து, பார்வையும் மங்கி, உத்தியோகத்தையும் விட்ட நிலையில், 1866-இல் தம் அநுபவத்தை நூலாக்கினார். மூத்த மகள் அமாலியாவே அவர்க்குக் கண்ணாயிருந்து எழுத்து வேலைக்குத் துணைநின்றாள். 1888-ஆம் வருஷம் மார்ச்சு 11-ந் தேதி அவர் காலஞ்சென்றபோது, அவர் வழிச் சங்கங்கள் 400-க்கு மேற்பட்டிருந்தன.

குடியானவர் கடன்தொல்லைக்குப் பரிகாரம் தேடிச் சென்னை அரசாங்கம் 1892-இல் பிரடெரிக் நிக்கல்சன் துரையை நியமித்தது. ஐரோப்பிய முறைகளை ஆராய்ந்த அவர், தம் அறிக்கையில் ரைபைசன் வழியையே சிறப்பித்தார். 1904-இல் அதற்கெனச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டே திருவள்ளூரை அடுத்த திரூரில் ஒரு கடன் சங்கம் தோன்றிற்று.